மிளகாயா, மரப்பு மருந்தா? எரியும் பாதத்துக்கு எதைப் பூசுவது

கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகும் சாலையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "பாதம் எரியுது, மேலே பூசிக்க ஏதாவது குடுங்க" என்று யாராவது வந்து நிற்காத நாளே கிடையாது. பெரும்பாலும் சர்க்கரைதான் காரணம். சிலருக்கு பி12 குறைவு, சிலருக்கு அக்கி ஆறிய இடத்தில் தங்கிவிட்ட வலி. இவர்களுக்கு என்ன செய்வது என்று எல்லா மருத்துவருக்கும் ஓரளவு தெரியும். நான் எழுத நினைப்பது வேறு சிலரைப் பற்றி. சர்க்கரை நார்மல், தைராய்டு நார்மல், ஸ்கேன் நார்மல் என்று ஒரு பை நிறைய ரிப்போர்ட் வைத்திருப்பார்கள். கால் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். நோயின் பெயரைச் சொன்னால் உள்ளூர் மருத்துவர் 'என்ன, இன்னொரு தரம் சொல்லுங்க' என்பார்.

என் சித்தி அந்த ரகம். வலங்கைமான் பக்கம் கிராமம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இரண்டு பாதமும் செங்கல் நிறத்துக்குச் சிவந்து, தொட்டால் நம் கையைச் சுடும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் படித்துறையில் போய் உட்கார்ந்துவிடுவார். மேட்டூர் மூடிய பிறகு கொல்லையில் ஒரு அண்டா. இரவு ஒரு மணிக்கும் அண்டாவுக்குள் காலை வைத்தபடி சுவரில் சாய்ந்து தூங்குவார். 'உடம்புச் சூடு' என்றார்கள், 'கெட்ட ரத்தம்' என்றார்கள், ஒருவர் 'மனசு' என்றார். ஏழு வருடம் இப்படியே போனது.

கடைசியில் நோயைக் கண்டுபிடிக்க உதவியது என் போனில் இருந்த ஒரு படம். இந்த நோய் வந்து வந்து போகும்; காலை பத்து மணிக்கு ஓ.பி.யில் காட்டினால் கால் சாதுவாக இருக்கும். சிவந்திருந்த நேரத்தில் எடுத்த படத்தைக் காட்டியதும் நரம்பியல் மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எரித்ரோமெலால்ஜியா. கிரேக்க மொழியில் சிவப்பு, கைகால், வலி என்ற மூன்று சொற்களை ஒட்டவைத்து 1878-ல் சைலஸ் வெயர் மிட்செல் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் வைத்த பெயர். அமெரிக்காவின் ஓல்ம்ஸ்டட் மாவட்டத்தில் கணக்கெடுத்தபோது ஆண்டுக்கு லட்சத்தில் 1.3 பேருக்குப் புதிதாக வந்திருந்தது. அவ்வளவு அபூர்வம்.

பெயர் தெரிந்ததும் அடுத்த கேள்வி வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். பிரிகாபலினில் சித்திக்குத் தலை சுற்றியது, பாதம் வீங்கியது. அந்த மருந்துக்கு இரண்டுமே தெரிந்த பக்கவிளைவுகள்தான். ஏற்கெனவே சூடாகிற கால் வீங்கவும் செய்தால் என்ன ஆகும்? மாத்திரையைக் குறைத்து, மேலே பூசுவதில் எதைச் சேர்க்கலாம் என்று பார்க்கச் சொன்னார் மருத்துவர். எங்கள் முன்னால் இருந்தவை மிளகாய்ச் சத்துக் களிம்பு, மரப்பு மருந்து, தனியாகக் கலந்து தரும் ஒரு ஜெல், அப்புறம் வீட்டில் இருக்கிற தைலங்கள். ஒவ்வொன்றையும் எப்படி எடை போட்டோம் என்பதைச் சொல்கிறேன். எரித்ரோமெலால்ஜியா இல்லாத அபூர்வ நரம்பு வலிக்காரர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

அதற்கு முன் ஒரு விஷயம். மேல்பூச்சு மருந்துகளைப் பற்றிய பெரிய ஆய்வுகள் எல்லாம் அக்கி வலிக்காரர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் வைத்துச் செய்தவை. இவ்வளவு அபூர்வமான நோயில் நானூறு பேரை வைத்து யார் ஆய்வு செய்வார்கள்? ஆகவே அபூர்வ நோய்க்காரர் கடன் வாங்கிய ஆதாரத்தில்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் நரம்பு வலிக் குழு 2015-ல் வெளியிட்ட பரிந்துரையில் லிடோகெயின் (மரப்பு மருந்து) பேட்ச், 8 சதவீத கேப்சைசின் (மிளகாய்ச் சத்து) பேட்ச் இரண்டுமே இரண்டாம் வரிசையில் இருந்தன. அந்தப் பட்டியல் எந்த மருந்துக்கு எவ்வளவு சாட்சி இருக்கிறது என்று சொல்லும். உங்கள் வலி எதனால் பற்றிக்கொள்கிறது என்று அதற்குத் தெரியாது. என் அனுபவத்தில் முடிவைத் தீர்மானிப்பது அந்த இரண்டாவது கேள்விதான்.

அது எனக்குத் தெரிந்தது என் தவறால். நோயின் பெயர் தெரிவதற்கு முன்பே, 'நரம்பு எரிச்சல்தானே' என்று கடையிலிருந்து 0.075 சதவீத கேப்சைசின் களிம்பு ஒரு டியூப் எடுத்துக் கொடுத்தேன். இரவு பத்தரை மணிக்குச் சித்தியிடமிருந்து போன். "ஏன்டா தம்பி, மிளகா அரைச்ச கை மாதிரி கால் எரியுதுன்னு சொன்னா, மிளகாயையே கொழைச்சுக் குடுத்திருக்கியே?"

அவர் கோபத்தில் சொன்னது அறிவியலில் அப்படியே சரி. நம் தோலில் உள்ள வலி நரம்பு முனைகளில் சூட்டை உணர்கிற ஒரு வாயில் இருக்கிறது, டி.ஆர்.பி.வி.1 என்று பெயர். சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அது திறக்கும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் பட்டாலும் திறக்கும். காரம் நாக்கைச் 'சுடுவது' அதனால்தான். 1997-ல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வலிக்கு இதை மருந்தாகப் பூசுவதன் தர்க்கம் என்னவென்றால், திரும்பத் திரும்பத் திறந்தால் அந்த நரம்பு முனை களைத்துப்போய் ஓய்ந்துவிடும். அதற்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை, விடாமல் சில வாரங்கள் பூச வேண்டும். முதல் வாரங்களில் எரிச்சல் கூடத்தான் செய்யும். நடுவில் நாலு நாள் விட்டால் மறுபடி முதலிலிருந்து.

அக்கி வலிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு இதைத் தாண்டுவார். அவருக்கு வலி ஒரு கை அகலத்தில் விலாப்பக்கம் நிற்கிறது. சூடு அவருடைய எதிரி அல்ல. சித்தியின் நோயே சூடு. அவர் கால் நரம்பு ஏற்கெனவே சும்மா இருக்கும்போதே நெருப்பு நெருப்பு என்று கத்துகிறது. அங்கே போய் அதே வாயிலை இன்னும் அகலமாகத் திறந்து வைப்பதை முதல் முயற்சியாகச் செய்யக்கூடாது. கத்தரி வெயிலில், வியர்வையோடு, ஓட்டு வீட்டுக்குள் என்றால் கேட்கவே வேண்டாம். சூடு பட்டால் வலி பற்றிக்கொள்கிற எவருக்கும் இதை நான் இப்போது எடுத்துக் கொடுப்பதில்லை.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. நம் பெண்கள் அந்தக் கையால்தான் மாவு பிசைவார்கள், பேரப்பிள்ளைக்கு மை தீட்டுவார்கள். கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் சரியாகக் கரையாது. வெறும் தண்ணீரில் கழுவினால் கையில் பரவத்தான் செய்யும். முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைத்து, பிறகு சோப்பு போட வேண்டும். கண்ணில் பட்டவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

அதே கேப்சைசினில் 8 சதவீத பேட்ச் ஒன்று உண்டு. களிம்பைப் போல நூறு மடங்குக்கும் மேல் காட்டம். அமெரிக்காவில் 2009-ல் அக்கி வலிக்கும், 2020-ல் சர்க்கரை நோயாளிகளின் பாத வலிக்கும் அனுமதி பெற்றது. இது வீட்டில் ஒட்டுகிற பொருளே அல்ல. நைட்ரைல் கையுறை போட்ட செவிலியர், மரப்பு மருந்து தடவிய தோலில் ஒட்டி, பாதமென்றால் அரை மணி நேரம், மற்ற இடமென்றால் ஒரு மணி நேரம் கழித்து எடுப்பார். ஒட்டியிருக்கும்போது வலியால் ரத்த அழுத்தம் ஏறலாம் என்பதால் அதையும் பார்த்துக்கொள்வார்கள். தோலின் மேலடுக்கில் இருக்கிற நரம்பு முனைகள் பின்வாங்கி, திரும்ப வளர மாதங்கள் ஆகும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். தஞ்சாவூர், கும்பகோணம் மருந்துக்கடைகளில் கேட்டு வாங்குகிற சரக்கு இல்லை இது. அறுவைத் தழும்பைச் சுற்றித் தங்கிவிட்ட நரம்பு வலி, ஓரிடத்தில் நிற்கிற மற்ற நரம்புக் காயங்கள் ஆகியவற்றுக்குப் பெருநகர வலி மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கத் தகுந்தது. தினம் நாலு வேளை பூச முடியாத ஆளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு பயணம் லாபம்தான்.

அடுத்தது மரப்பு மருந்து, அதாவது லிடோகெயின். பல் பிடுங்கும்போது ஊசி போடுவார்களே, அதே இனம். ஸ்வீடனில் 1943-ல் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. நரம்பில் வலிச்செய்தி ஓடுவதற்குச் சோடியம் வாயில்கள் திறக்க வேண்டும். லிடோகெயின் அவற்றை அடைக்கிறது. இங்கேதான் சித்தியின் நோய்க்கும் இதற்கும் ஒரு பொருத்தம் இருக்கிறது. பரம்பரையாக வருகிற எரித்ரோமெலால்ஜியாவில் எஸ்.சி.என்.9.ஏ என்ற மரபணுவில் கோளாறு இருப்பதை 2004-ல் சீன ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த மரபணு கட்டுவது வலி நரம்பில் இருக்கும் ஒரு சோடியம் வாயிலைத்தான். அந்தக் கோளாறில் வாயில் லேசான தூண்டுதலுக்கே திறந்துகொள்கிறது. மிளகாய் ஏற்கெனவே கத்துகிற நரம்பை இன்னும் கத்த வைக்கிறது. லிடோகெயின் கத்துகிற வாயையே பொத்துகிறது. சித்திக்கு அந்த மரபணுச் சோதனை செய்யவில்லை. ஆனாலும் முதலில் எதைப் பூசிப் பார்ப்பது என்று தீர்மானிக்க இந்தத் தர்க்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

லிடோகெயினில் எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். 5 சதவீத பேட்ச் 10-க்கு 14 சென்டிமீட்டர் இருக்கும். ஒரே நேரத்தில் அதிகபட்சம் மூன்று ஒட்டலாம். 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் விட வேண்டும். அமெரிக்காவில் 1999-ல் அக்கி வலிக்காக அனுமதி பெற்றது. இதன் அழகு என்னவென்றால் மருந்தோடு சேர்த்து ஒரு போர்வையாகவும் இருக்கிறது. புடவைக் கரை உரசினாலே துடிப்பவர்களுக்கு, அதாவது லேசாகத் தொட்டாலே வலிக்கிறவர்களுக்கு, அந்தப் போர்வையே பாதி மருந்து. விபத்துக்குப் பிறகு ஒரு கையோ காலோ வீங்கி, நிறம் மாறி, தொட முடியாமல் போகிற வலி நோயில் இது பொருந்தலாம். ஆனால் பாதத்துக்கு? மேல் பாதத்தில் ஒட்டலாம். உள்ளங்காலில் ஒட்டி நடந்தால் அரை மணியில் சுருண்டு செருப்போடு வந்துவிடும். நம் ஊர் வியர்வையில் மேல் பாதத்திலேயே ஓரம் தூக்கிக்கொள்கிறது. விலையும் டியூபைப் போலப் பல மடங்கு. சித்திக்கு நாலு பேட்ச் வாங்கிப் பார்த்து விட்டுவிட்டோம்.

5 சதவீத ஆயின்மென்ட் மலிவு, விரல் இடுக்கு வரை போகும், பிசுபிசுப்பு உண்டு. 2 சதவீத ஜெல்லி என்று ஒன்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது சிறுநீர்க் குழாய் செருகும்போது வழுக்கலுக்காகவும் மரப்புக்காகவும் செய்தது. பாதத்தில் பூசினால் சீக்கிரம் காய்ந்து பொருக்காகிவிடும். லிடோகெயினும் பிரைலோகெயினும் 2.5 சதவீதம் வீதம் கலந்த கிரீம் தோலுக்குள் நன்றாக இறங்கும். ஆனால் பிரைலோகெயின் அதிகமானால் ரத்தத்தின் ஆக்சிஜன் தாங்கும் சக்தி குறையும் ஆபத்து இருக்கிறது. ஊசி குத்தும் இடத்தில் எப்போதாவது பூச நல்லது. தினமும் இரண்டு பாதத்துக்கும் என்றால் நான் தயங்குவேன்.

லிடோகெயினைப் பற்றி ஒரு பயமும் சொல்ல வேண்டும். 'வெறும் மேல்பூச்சுதானே' என்று தாராளமாகப் பூசி, பாலிதீன் கவரைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மருந்து ரத்தத்தில் கூடுதலாக இறங்கும். வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். அமெரிக்க மருந்துத் துறையே இதற்கு எச்சரிக்கை விட்டிருக்கிறது. சூடான தோல் இன்னும் அதிகமாக உறிஞ்சும், எரித்ரோமெலால்ஜியா பற்றிக்கொள்ளும்போது தோல் சூடாகத்தான் இருக்கும். மெக்ஸிலெட்டின் போன்ற, இதே வேலையை உள்ளிருந்து செய்கிற மாத்திரை சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் சொல்லாமல் பூசவே கூடாது. கழற்றிய பேட்சில் மருந்து 95 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தையும் நாயும் எட்டாத இடத்தில் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: இவை எதுவும் புண்ணான தோலுக்கு அல்ல. டெல்டாவில் இதுதான் பெரிய தடை. நடவு நேரத்தில் சேற்றில் நின்று விரலிடுக்கு வெளுத்து வெடித்துச் சேற்றுப்புண் வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சித்திக்கு அது வருடம் பூரா இருந்தது, அண்டாவால். எரிகிறவர்கள் கையில் கிடைக்கிற முதல் மருந்து தண்ணீர். ஐஸ் கிடைத்தால் ஐஸ். உடனே சுகம், சந்தேகமே இல்லை. ஆனால் மணிக்கணக்கில் ஊறிய தோல் கூழாகி, வெடித்து, கிருமி புகுந்து, ஆறாப் புண்ணாகும். ஐஸில் வைத்து எடுத்தால் கொஞ்ச நேரத்தில் முன்னிலும் மோசமாகச் சுடும். இந்த நோயில் காலை இழக்கும் நிலைக்குப் போனவர்களுக்கு அந்தத் தண்ணீரும் ஐஸும்தான் பெரும்பாலும் காரணம். அண்டாவை நிறுத்தி, மேசை விசிறியை காலுக்கு நேராகத் திருப்பி வைத்து, விரலிடுக்கைப் பழைய வேட்டித் துணியால் ஒற்றி உலர்த்தி, புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகுதான் எந்தக் களிம்பையும் திறந்தோம். சித்தி அந்த மாதம் என்னோடு பேசவில்லை, அது வேறு கதை.

மூன்றாவது, கலந்து தரும் ஜெல். அமிட்ரிப்டிலின், கீட்டமின் இரண்டையும் ஜெல்லில் குழைத்தது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மாத்திரையாக வந்தது. சோடியம் வாயிலையும் அடைக்கும். கீட்டமின் மயக்க மருந்து; வலி நரம்பின் இன்னொரு வாயிலைத் தடுக்கும். எரித்ரோமெலால்ஜியாவுக்கென்றே முயன்று பார்த்த மேல்பூச்சு என்பதால் இது என் கவனத்தை இழுத்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இதைப் பூசிய 36 பேரின் பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்து 2013-ல் எழுதினார்கள். நாலில் மூன்று பேருக்கு ஓரளவாவது குறைந்திருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எதிரில் வெறும் ஜெல் பூசிய கூட்டம் ஒன்று அந்த ஆய்வில் இல்லை. கீமோதெரபிக்குப் பின் கைகால் எரிகிற 462 பேரை வைத்து, வெறும் களிம்போடு ஒப்பிட்டு, இதைவிடக் காட்டமான கலவையைச் சோதித்தபோது இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நோய் வேறு, விடை வேறாக இருக்கலாம். இருந்தாலும் '75 சதவீதம்' என்று யாராவது சொன்னால் இந்த இரண்டாவது ஆய்வையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கே வாங்குவது? என் கடையில் முடியாது. கீட்டமின் 2013 முதல் எக்ஸ் அட்டவணை மருந்து. விற்கத் தனி உரிமம், மருத்துவர் சீட்டு இரண்டு பிரதி, அதில் ஒன்றைக் கடை இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 'தெரிஞ்ச இடத்துல கலந்து தர்றாங்க' என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள். எத்தனை சதவீதம் கலந்தது என்று டப்பாவில் எழுதாத ஜெல் மருந்தே இல்லை. வலி மருத்துவப் பிரிவும் சொந்த மருந்துத் தயாரிப்பும் உள்ள பெரிய மருத்துவமனை வேண்டும். எங்களுக்குச் சென்னை வரை போக வேண்டியிருந்தது. ராத்திரி ரயில், மறுநாள் பூரா வரிசை, திரும்ப ராத்திரி ரயில். மூட்டை தூக்கி நடந்த அந்த ஒரு நாளில் கால் பட்டபாட்டையும் மருந்தின் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

வீட்டுச் சரக்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோடாலி தைலம், அமிர்தாஞ்சன், மஞ்சள் டியூபில் வரும் வலி ஜெல்கள் எல்லாம் தலைவலி, தசைப் பிடிப்பு போன்றவற்றுக்குச் செய்தவை. அந்த ஜெல்களில் இருக்கும் டைக்ளோஃபினாக் நரம்பு வலியைத் தொடாது. மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுவதால் எரிச்சலுக்குக் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். ஆனால் குளிர்ந்தாலே வலிக்கிற நோய்க்காரருக்கு அதே மெந்தால் எதிரி. பல ஜெல்களின் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் கேப்சைசினும் இருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் மெத்தில் சாலிசிலேட் உள்ள தைலத்தை நிறையத் தேய்க்கக்கூடாது. பாத எரிச்சலுக்கு என்று ஆயுர்வேதத்தில் பிண்ட தைலம் உண்டு, தேன்மெழுகும் நன்னாரியும் மஞ்சிட்டியும் சேர்ந்தது. அதைப் பூசலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, தோல் முழுசாக இருந்தால் பூசிப் பாருங்கள், ஆனால் வழக்கம்போலச் சூடு பண்ணிப் பூச வேண்டாம். மருதாணி இலை அரைத்து வைப்பதிலும் தவறில்லை. கடையில் விற்கும் கறுப்பு மருதாணிக் கோன் மட்டும் வேண்டாம், அதில் கலக்கும் சாயம் தோலைக் கொப்பளிக்க வைக்கும்.

எதைத் தேர்ந்தாலும் அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? இங்கே எங்களுக்கு ஒரு வசதி: சித்திக்கு இரண்டு பாதமும் ஒரே அளவில் எரியும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வலது காலுக்கு லிடோகெயின் ஆயின்மென்ட், இடது காலுக்கு வெறும் வாசலின் என்று இரண்டு வாரம் பூசினோம். இரண்டும் ஒரே மாதிரி டப்பாவில், மேலே 'வ', 'இ' என்று மட்டும் எழுதியிருக்கும்; எது எது என்று சித்திக்குத் தெரியாது. பூசிய ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொரு காலுக்கும் பத்துக்கு எத்தனை என்று பால் கணக்கு நோட்டில் எழுதினார். பிறகு டப்பாவை மாற்றி இன்னும் இரண்டு வாரம். முதல் நாள் இரண்டு காலுமே நன்றாகக் குறைந்தது! யாராவது உட்கார்ந்து காலை நீவிவிட்டாலே வலி கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். இரண்டாவது வாரத்தில்தான் வித்தியாசம் தெளிந்தது: வாசலின் கால் ஏழு என்றால் மருந்துக் கால் நாலரை, ஐந்து. பெரிய ஆய்வு இல்லாத நோயில் இந்த நோட்டுதான் நமக்கு ஆய்வு. மிளகாய்க் களிம்பில் இது நடக்காது. எந்தக் கால் என்று பூசிய நிமிடமே கால் சொல்லிவிடும்.

ஒரு வகை நோயாளிக்கு மட்டும் நான் எந்த டியூபையும் எடுப்பதற்கு முன் அவரை உட்காரச் சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடப் பையன், காய்ச்சல் வந்தால் உள்ளங்கையும் உள்ளங்காலும் எரியும், வெயிலில் விளையாடினால் வியர்க்காது, தொப்புளைச் சுற்றியோ இடுப்பிலோ கருஞ்சிவப்புப் புள்ளிகள். ஃபேப்ரி நோயாக இருக்கலாம். எக்ஸ் குரோமோசோமில் வருகிற குறை. ஒரு நொதி போதாமல் கொழுப்புப் பொருள் நரம்பிலும் சிறுநீரகத்திலும் இதயத்திலும் படியும். அங்கே களிம்பு எரிச்சலை மறைத்தால் சிறுநீரகம் கெடுவது யாருக்கும் தெரியாமல் போகும். அதற்கு நொதியையே ஏற்றுகிற சிகிச்சை இருக்கிறது, விலை அசுரத்தனம். மத்திய அரசின் 2021 அபூர்வ நோய்க் கொள்கையில் தேர்ந்தெடுத்த மையங்கள் வழியே 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அதேபோல, சிவந்து எரியும் பாதத்தோடு ரத்தத்தில் தட்டணுக்கள் மிக அதிகம் என்றால் அது எலும்பு மஜ்ஜையின் கோளாறு. அந்த வகைக்கு மருத்துவர் சொல்லும் சின்ன ஆஸ்பிரின் எந்தக் களிம்பையும் விட வேகமாகக் கேட்கும். உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோய்ச் சோதனை. இந்த மூன்றையும் விலக்காமல் மேல்பூச்சு ஒப்பீட்டில் இறங்குவது வீண் வேலை.

சித்தியின் கணக்கு இப்போது இப்படி நிற்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு, கால் சிவப்பதற்கு முன்பே, லிடோகெயின் ஆயின்மென்ட் ஒரு பட்டாணி அளவு ஒவ்வொரு பாதத்துக்கும். பற்றிக்கொண்ட பிறகு பூசினால் பாதிப் பலன்தான். ஐப்பசி முதல் தை வரை அதுவே போதுகிறது. மழையும் பனியும் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. பங்குனியிலிருந்து ஆடி வரை அந்தச் சென்னை ஜெல்லையும் இரவில் சேர்த்துக்கொள்கிறார், மருத்துவர் எழுதிய அளவில். ஜெல் தனியாக எவ்வளவு உதவுகிறது என்று நோட்டு இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை. ஒரு வாரம் மூன்று காட்டுகிறது, மறுவாரம் ஆறு. அடுத்த பயணத்துக்கு முன் அதற்கும் 'வ', 'இ' டப்பா போடப் போகிறோம். பிரிகாபலின் பாதியாகக் குறைந்திருக்கிறது. அண்டா கொல்லையிலேயே இருக்கிறது, நெல் ஊறவைக்க. ஜெல் டப்பா ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில், மேலே சிவப்பு டேப் ஒட்டி 'கால் மருந்து, தொடாதே' என்று எழுதியிருக்கிறது. மிச்சமிருந்த மிளகாய்க் களிம்பைச் சித்தி திருப்பிக் கொடுத்துவிட்டார். பில் இல்லாமல் திரும்ப எடுக்க முடியாது என்றேன். ஒரு முறை முறைத்தார், வாங்கி வைத்துக்கொண்டேன்.